மாணவர்களே நடத்தும் மருந்து வேதியியல் மாநாடு நேர விரயமா? (விவாத இழை)

கேள்வி: எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு, மதுரை. 2024 ஜனவரி 6, காலை 9.10

அக்கா, நானும் வேறு கல்லூரிகளில் படிக்கும் மூன்று நண்பர்களும் சேர்ந்து, நாங்களே ஒருநாள் ஆய்வுக் கூட்டம் நடத்தலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் கைடு, "மாநாடு நடத்துவது காலேஜ் வேலை, படிக்கிற பிள்ளைகள் லேபில் நின்று ரியாக்‌ஷன் போட்டால் போதும்" என்கிறார். அமெரிக்காவில் பிஎச்டி மாணவர்களே ஒரு மாநாட்டை முழுக்க நடத்துகிறார்கள் என்று ஒரு சீனியர் சொன்னார். உண்மையா? அப்படியென்றால் அங்கே லேப் வேலையை யார் பார்ப்பது? யோசித்தால் கைடு சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. நேர விரயம்தானே?

2024 ஜனவரி 6, காலை 10.40

உண்மைதான் தம்பி. அதன் பெயர் மிக்கி. மினசோட்டா, அயோவா, கான்சஸ், இல்லினாய்ஸ் என்ற நான்கு பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தது. நான்கு பல்கலைக்கழகங்களின் மருந்து வேதியியல் துறைகள், ஆண்டுக்கு ஓர் ஊர் என்று முறை வைத்து, பல பத்தாண்டுகளாக நடத்திவரும் கூட்டம். நடத்துவது மாணவர்கள், பேசுவது மாணவர்கள். அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) வாங்குவது, நிரல் போடுவது, அறை பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது, விருந்தினரை விமான நிலையத்தில் போய் அழைத்துவருவது என்று எல்லாமே மாணவர்கள் கையில். நான் அந்த நான்கில் ஒன்றில் பிஎச்டி செய்தேன். 2010 முதல் 2014 வரை ஐந்து கூட்டங்கள் பார்த்தேன், அதில் ஒன்றை எங்கள் ஊரில் நாங்களே நடத்தினோம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. கீழே எழுதப் போகும் சில விஷயங்கள் குறிப்பிட்ட ஆட்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

லேப் வேலையை யார் பார்ப்பது என்று கேட்கிறாய். நாங்களேதான். ராத்திரி வினையை ரிஃப்ளக்ஸில் (ஆவி வெளியேறாமல் தொடர்ந்து கொதிக்கும்படி) போட்டுவிட்டு, ஆவியைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து அப்ஸ்ட்ராக்ட் பிரித்தோம்.

நேர விரயம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விரிவாக எழுதுகிறேன்.

2024 ஜனவரி 6, காலை 10.55

ஒரு திருத்தம். இல்லினாய்ஸ் என்று மேலே எழுதியது சிகாகோ நகரத்துக்குள் இருக்கும் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம். அர்பானா-ஷாம்பெயினில் இருப்பது வேறு. அதேபோல அயோவா என்றால் அயோவா சிட்டியில் இருப்பது, ஏம்ஸில் இருக்கும் அயோவா ஸ்டேட் இல்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள் இந்த இரண்டு இடத்திலும் தவறாமல் குழம்புகிறார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.

2024 ஜனவரி 6, மாலை 4.30

அந்தக் கூட்டத்துக்கு 'மீட்டிங் இன் மினியேச்சர்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. குட்டி மாநாடு என்று வைத்துக்கொள். எனக்கு மிகவும் பிடித்த பெயர். பெரிய மாநாட்டில் என்னென்ன உண்டோ அத்தனையும் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே அறைக்குள். ஒரே நேரத்தில் ஐந்து அறையில் ஐந்து பேச்சு நடக்காது. நீ பேசும்போது வந்திருக்கும் அத்தனை பேரும் உன் பேச்சைத்தான் கேட்கிறார்கள்.

தெற்கே மால்ட்டோ என்று இன்னொன்று இருக்கிறது. மிசிசிப்பி, ஆர்கன்சா, லூயிசியானா, டெக்சஸ், ஓக்லஹோமா ஆகியவை சேர்ந்தது. அதுவும் மருந்து வேதியியலுக்கான குட்டி மாநாடுதான், கூடவே மூலிகை மருந்தியலும் உண்டு. அங்கே நான் போனதில்லை.

போக்குவரத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவாய். அயோவா சிட்டியிலிருந்து மினியாபொலிஸ் சுமார் 480 கிலோமீட்டர், சிகாகோ 350. கான்சஸ்காரர்கள் லாரன்ஸிலிருந்து மினியாபொலிஸ் போக ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். யாரும் விமானத்தில் போவதில்லை. பல்கலைக்கழக வேன் எடுத்து, பின்னால் போஸ்டர் குழாய்களை அடுக்கி, மாறி மாறி ஓட்டுவோம். ஏப்ரல் மாதத்தில் வடக்கே பனி கொட்டி, சாலையே தெரியாமல் மணிக்கு 50 கிலோமீட்டரில் ஊர்ந்த வருடமும் உண்டு. எனக்கு அப்போது ஓட்டுநர் உரிமம் இல்லை. அதனால் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டுபவர் தூங்காமல் பேச்சுக் கொடுப்பது என் வேலை. அந்த ஐந்து மணி நேரத்தில் என் லேப்மேட்டின் புராஜெக்டை நான் புரிந்துகொண்ட அளவுக்கு, இரண்டு வருடம் பக்கத்து ஹூடில் (புகை உறிஞ்சும் வேலை மேடை) நின்றும் புரிந்துகொண்டதில்லை.

2024 ஜனவரி 7, காலை 8.15

நேற்றுச் சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் இது. என் கருத்து முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

இரண்டாம் ஆண்டில் முதல் முறையாக மேடையில் பேசினேன். பதினைந்து நிமிடப் பேச்சு, ஐந்து நிமிடக் கேள்வி. ஒரு நொதியைத் தடுக்கும் சேர்மங்கள், மஞ்சளில் இருக்கும் குர்க்குமினின் சாயல் கொண்டவை, முப்பது செய்திருந்தேன். ஒவ்வொன்றையும் குரோமட்டோகிராஃபி நெடுங்குழாயில் ஓட்டிச் சுத்தம் செய்து, என்எம்ஆர் எடுத்துக் கட்டமைப்பைச் சரிபார்த்து, சோதனைக்குக் கொடுத்து வாங்கியது. ஐசி50 (நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கத் தேவையான அளவு) எல்லாம் 2 மைக்ரோமோலாரிலிருந்து 6 மைக்ரோமோலாருக்குள். அதைப் பெருமையாகத்தான் காட்டினேன்.

கேள்வி நேரத்தில் வேறொரு பல்கலைக்கழகத்து மாணவி எழுந்தாள். என்னைவிட ஒரு வருடம் மூத்தவளாக இருக்கலாம். கையில் நோட்டுப் புத்தகம். "ஏழாவது ஸ்லைடுக்குப் போக முடியுமா?" என்றாள். போனேன். "மெத்தாக்ஸியை எடுத்தாலும் அதே எண், குளோரின் போட்டாலும் அதே எண், வளையத்தையே மாற்றினாலும் அதே எண். உங்கள் அளவு-விளைவுக் கோடும் ரொம்பச் செங்குத்தாக இறங்குகிறது. சோதனையில் டிரைட்டன் எக்ஸ்-100 சேர்த்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். குரலில் துளியும் குத்தல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நான் சேர்த்துப் பார்க்கவில்லை. "பார்க்கவில்லை, ஊருக்குப் போனதும் பார்க்கிறேன்" என்றேன்.

வேதியியல் படிக்காதவர்களுக்காக: சில சேர்மங்கள் தண்ணீரில் கரையாமல் ஒன்றோடொன்று ஒட்டி நுண்ணிய உருண்டைகளாகத் திரளும். நொதி அந்த உருண்டையில் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் நின்றுவிடும். வெளியே இருந்து பார்த்தால் மருந்து வேலை செய்தது போலவே இருக்கும். டிரைட்டன் ஒரு சோப்பு மாதிரி. 0.01 சதவீதம் சேர்த்தால் போதும், உருண்டைகள் கலைந்துவிடும். மருந்து நிஜமாக இருந்தால் அதற்கு அப்புறமும் தடுக்கும்.

திங்கட்கிழமை சோதனை போட்டோம். முப்பதில் இருபத்தெட்டு சேர்மங்கள் ஒன்றுமே செய்யவில்லை. அன்று சாயந்திரம் நான் அழுதது வேறு கதை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்: அந்தக் கேள்வி வராமல் இருந்தால் இன்னும் ஒரு வருடமாவது அதே சேர்மங்களைச் செய்துகொண்டு இருந்திருப்பேன். மாநாட்டுக்குச் செலவானது மூன்று நாள்.

எங்கள் லேபில் எட்டுப் பேர் இருந்தோம், வாராவாரம் குரூப் மீட்டிங் உண்டு. அங்கே யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. எல்லோரும் அந்தச் சேர்மங்களோடு பழகிப்போயிருந்தோம்.

2024 ஜனவரி 9, இரவு 9.20

குர்க்குமின் என்று எழுதியதும் நான்கு பேர் மஞ்சளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "மஞ்சளில் ஒன்றுமே இல்லை என்கிறீர்களா?" என்று ஒருவர் கோபமாக. "மஞ்சள் காப்புரிமைக்குச் சண்டை போட்டு ஜெயித்த நாடு நம் நாடு" என்று இன்னொருவர்.

காப்புரிமை விஷயம் உண்மை. 1995ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி எதிர்த்தது, 1997ல் ரத்தானது. அது யாருக்கு முதலில் தெரியும் என்ற வழக்கு. மாத்திரையாக வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்கு 2017ல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர்களில் மினசோட்டா ஆட்களும் சிகாகோ ஆட்களும் உண்டு, அதாவது மிக்கியின் நான்கில் இரண்டு. குர்க்குமின் சோதனைக் குழாயில் ஏன் எல்லாவற்றிலும் வேலை செய்வது போலத் தெரிகிறது என்று அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துவைத்தார்கள். தானே ஒளிரும், அதனால் ஒளியை வைத்து அளக்கும் சோதனையை ஏமாற்றும். திரளும். புரதங்களோடு வேதிவினை செய்யும். நம் ரத்தத்தின் பிஎச் அளவில் நிமிடக் கணக்கில் சிதையும். வாய்வழி கொடுத்தால் உடம்பில் ஏறுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், இருபுற மறைப்போடு (யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல்) போலி மருந்தை ஒப்பிட்டுச் செய்த சோதனை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள்.

எனக்கு அந்தக் கட்டுரை அதிர்ச்சியே தரவில்லை. ஆறு வருடம் முன்பே ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து நின்று எனக்கு அதைச் சொல்லிவிட்டாள்.

2024 ஜனவரி 9, இரவு 9.50

இல்லை, ரசத்தில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். நானும் நிறுத்தவில்லை. ஈரோட்டு மஞ்சள்தான் வீட்டில். மஞ்சள் தூளில் குர்க்குமின் சுமார் 3 முதல் 5 சதவீதம், மிச்சத்தில் எண்ணெயும் மாவுமாக எத்தனையோ இருக்கின்றன. கட்டுரை கேட்டது அந்த ஒரு மூலக்கூறைப் பற்றி. மஞ்சள் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

2024 ஜனவரி 13, காலை 7.00

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ரயிலில் எழுதுகிறேன், சிக்னல் விட்டு விட்டு வருகிறது.

நாங்கள் நடத்திய வருடத்தைப் பற்றிக் கேட்டாய். முந்தைய செப்டம்பரிலேயே ஆரம்பித்தோம். ஏழு பேர் குழு. பணம் துறையிலிருந்து கொஞ்சம், நிறுவனங்களிடம் கேட்டு வாங்கியது கொஞ்சம். கடிதம் எழுதிக் கேட்பது எப்படி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போன வருடம் நடத்தியவர்களிடம் கோப்பை வாங்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். ஒரு ஊர் அடுத்த ஊருக்குக் கோப்பைக் கைமாற்றும் பழக்கம் அருமையான விஷயம். அதில் யார் யாருக்குக் கடிதம் போட்டார்கள், காபி எத்தனை லிட்டர் மிஞ்சியது என்பது வரைக்கும் இருந்தது.

என் பொறுப்பு நிரல். அப்ஸ்ட்ராக்ட் வந்த கோப்புகளை அச்செடுத்துத் தரையில் பரப்பி, எது எதற்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று நகர்த்தினேன். ஓப்பியாய்டு ஏற்பி (மார்ஃபின் போன்ற மருந்துகள் போய் ஒட்டும் புரதம்) பேசுபவர்கள் மூவர், காசநோய் இருவர், புற்றுநோய் ஏகப்பட்ட பேர். முதல் வரைவில் புற்றுநோயை எல்லாம் ஒரு காலையில் வைத்தேன். எங்கள் சீனியர் ஒருவர் பார்த்துவிட்டு, "பதினோரு மணிக்கு யாரும் விழித்திருக்க மாட்டார்கள்" என்றார். நோயை வைத்துப் பிரிக்காமல் உத்தியை வைத்துப் பிரித்தேன்: இயற்கைப் பொருளிலிருந்து தொடங்கியவர்கள் ஒரு பக்கம், கணினி வழி தேடியவர்கள் ஒரு பக்கம், மூலக்கூறின் ஒரு சிறு துண்டிலிருந்து வளர்த்தவர்கள் ஒரு பக்கம். அந்த ஒரு வாரத்தில் நாற்பது பேருடைய ஆய்வை வரிவரியாகப் படித்தேன். என் ஆய்வேட்டின் முன்னுரை அத்தியாயம் எழுத உட்கார்ந்தபோது அது எவ்வளவு கைகொடுத்தது என்று சொல்லி முடியாது.

அடுத்தது கணினி. அப்போதெல்லாம் மேக்கில் செய்த பவர்பாயின்டை விண்டோஸில் திறந்தால், கெம்டிரா மென்பொருளில் வரைந்து ஒட்டிய மூலக்கூறுக் கட்டமைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று வரும், 'குயிக்டைமும் ஒரு டீகம்ப்ரஸரும் இருந்தால்தான் இந்தப் படம் தெரியும்' என்று அதில் எழுதியிருக்கும். மருந்து வேதியியல் பேச்சில் கட்டமைப்பு தெரியாவிட்டால் என்ன மிஞ்சும்? சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பேச்சாளர்கள் எல்லோரையும் வரவழைத்து, ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்து பார்த்தோம். ஒரு பையனுக்குப் பத்தொன்பது ஸ்லைடில் பதினொன்று போச்சு. ஏழரைக்குள் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து அவனுடைய சேர்மங்களைத் திரும்ப வரைந்தோம். மூவரும் வேறு வேறு பல்கலைக்கழகம். அதில் ஒருவர் இன்றைக்கும் எனக்கு நல்ல நண்பர், ஹைதராபாத்தில் என் பக்கத்துக் கட்டடத்தில்தான் வேலை.

2024 ஜனவரி 13, காலை 7.25

போஸ்டர் பலகைக்குக் குண்டூசி. நான்கடிக்கு மூன்றடி போஸ்டருக்கு ஆறு ஊசியாவது வேண்டும். நாங்கள் நான்கு என்று கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி கடை தேடி ஓடினோம். இதை எழுதி வைத்துக்கொள்.

2024 ஜனவரி 20, இரவு 10.10

ஒரு வாரமாக யோசித்தேன். ஜனவரி 6ல் 'ஒப்புக்கொள்ள மாட்டேன்' என்று அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

எங்கள் குழுவின் தலைவர், நாலாம் ஆண்டு மாணவர். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் அவருக்கு லேபில் கால் பதிக்கவே நேரமில்லை. அதே வசந்த காலத்தில் அவர் செய்துகொண்டிருந்த அதே வகை மூலக்கூறுகளை வேறொரு குழு வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் முந்தியிருந்தால் அவர் பெயர் முதலில் வந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் அப்படித்தான் நினைத்தார். "திரும்ப வாய்ப்புக் கிடைத்தால் தலைவர் பொறுப்பை எடுப்பாயா?" என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "எடுக்க மாட்டேன், பேச மட்டும் வருவேன்" என்றார்.

இன்னொரு பெண்ணுக்கு அவளுடைய பேராசிரியர் அனுமதியே தரவில்லை. குழுக் கூட்டத்துக்கு ஒளிந்து ஒளிந்து வருவாள். கூட்டம் நடந்த சனிக்கிழமை அவரே முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, ஏற்பாடு பிரமாதம் என்று பாராட்டினார். பாராட்டை அவள் வாங்கிக்கொள்ளவில்லை, சும்மா தலையை ஆட்டினாள். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

ஆக, உன் கைடு சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. யாரோ ஒருவர் தலையில் முழுச் சுமையும் விழுந்தால் அவருக்கு அது நஷ்டம்தான். முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஓடியாடும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும். ஆய்வேட்டை நெருங்கிவிட்டவர்கள் பேசுவதோடு நிற்கட்டும். உன்னைப் போல எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில் புராஜெக்ட் ஓடும்போது தலைவராக நிற்காதே. பிரித்துக்கொள்ளுங்கள்.

2024 ஜனவரி 21, காலை 11.00

"பேராசிரியர்கள் என்னதான் செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். வருவார்கள், கேட்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். வெளியிலிருந்து அழைத்த விருந்தினரின் சிறப்புரை ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் எந்தச் செஷனையும் நடத்துவது மாணவர்தான். நான் போன கூட்டங்களில் சொல்லாமலே ஒரு வழக்கம் இருந்தது: முதல் கேள்வியை மாணவர் கேட்கட்டும் என்று பெரியவர்கள் பொறுத்திருப்பார்கள். பத்து வினாடி அமைதி. அந்த அமைதி தாங்காமல் யாராவது ஒரு மாணவர் கையைத் தூக்குவார். அந்தப் பத்து வினாடியை விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை எல்லா இடத்திலும் கிடைக்காது. நான் முதன்முதலில் கை தூக்கியதும் அப்படித்தான். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. உள்ளங்கை வியர்த்து மைக் வழுக்கியது மட்டும் நினைவிருக்கிறது.

2024 ஜனவரி 28, மாலை 5.15

இந்த நான்கு இடத்துக்கும் என்ன விசேஷம் என்ற கேள்விக்குப் பதில், மூன்று நான்கு பெயர்கள் சொல்கிறேன்.

மினசோட்டாவில் ராபர்ட் வின்ஸ். எச்ஐவிக்கு எதிரான கார்போவிர் அவருடைய ஆய்வகத்தில் மெய் ஹுவாவோடு சேர்ந்து உண்டாக்கியது. அதைத் தொடர்ந்து வந்த எச்ஐவி மருந்தான அபாகாவிர் 1998 டிசம்பரில் அனுமதி பெற்றது. அதன் உரிமத்தொகையாகப் பல்கலைக்கழகத்துக்கு 60 கோடி டாலருக்கு மேல் வந்தது. அங்கேயே ஃபிலிப் போர்டோகீஸ், ஓப்பியாய்டு ஏற்பிகளைத் தனித்தனியே பிரித்தறிய உதவிய நால்ட்ரிண்டோல், நார்-பிஎன்ஐ போன்ற சேர்மங்களைச் செய்தவர். 1972லிருந்து 2011 வரை ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியின் தலைமை ஆசிரியர். கான்சஸில் டகெரு ஹிகுச்சி. பி.ஃபார்ம் படித்த எல்லோரும், மருந்து எவ்வளவு வெளியேறும் என்று கணிக்கும் ஹிகுச்சி சமன்பாட்டைப் பரீட்சைக்கு உருப்போட்டிருப்போம், அவர்தான் இவர். சிகாகோவில் நார்மன் ஃபார்ன்ஸ்வொர்த், மூலிகைத் தகவல்களை எல்லாம் சேர்த்து நாப்ரலர்ட் என்ற தரவுத்தளத்தை 1975ல் தொடங்கியவர்.

எங்கள் லேப் ஃபிரிட்ஜில் 'வின்ஸ் லாக்டம்' என்று ஒட்டுச்சீட்டு போட்ட பாட்டில் ஒன்று இருந்தது. சிறிய இருவளையச் சேர்மம், அபாகாவிர் செய்ய அதுதான் தொடக்கப் பொருள். வந்த புதிதில் அது ஏதோ வர்த்தகப் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் மிக்கிக்குப் போனபோதுதான் வின்ஸ் என்பது ஒரு மனிதர், வேனில் போய்ச் சேர்கிற தூரத்தில் இருப்பவர் என்று உறைத்தது. பாடப்புத்தகத்தில் வரும் பெயர்கள் எல்லாம் எங்கோ செத்துப்போனவர்களின் பெயர்கள் என்ற எண்ணத்தோடுதான் நான் வளர்ந்தேன். அது அன்றைக்கு உடைந்தது.

2024 ஜனவரி 28, மாலை 6.00

எச்ஐவி மருந்தான டாருனாவிரை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். அருண் கோஷ், ஐஐடி கான்பூரில் படித்தவர், சிகாகோவில் இருந்தபோது அந்த ஆராய்ச்சி நடந்தது. எச்ஐவி மருந்துக்கு எதிர்ப்பு உண்டாக்கும்போது வைரஸ் புரதத்தின் பக்கச் சங்கிலிகளை மாற்றிக்கொள்ள முடியும், முதுகெலும்பை (புரதத்தின் நடுச் சங்கிலியை) மாற்றிக்கொள்ள முடியாது. அந்த முதுகெலும்பைப் பற்றிக்கொள்கிற மாதிரி மூலக்கூறை வடிவமைத்தார். 2006 ஜூனில் அனுமதி கிடைத்தது. அதற்குள் அவர் பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

2024 பிப்ரவரி 3, இரவு 8.40

நம் ஊரில் நான் போன மாநாடுகளைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

பி.ஃபார்ம் கடைசி ஆண்டில் ஒரு தேசிய மாநாடு. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டியது, பத்தேகாலுக்குக் குத்துவிளக்கு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, மாநாட்டு மலர் வெளியீடு. பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. அப்புறம் ஒரு நல்ல உரை, நிஜமாகவே நல்ல உரை, இருபது நிமிடத்தில் முடிக்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். மாணவர்களின் வாய்மொழி அளிப்பு சாப்பாட்டுக்கு அப்புறம். ஆளுக்கு ஐந்து நிமிடம், கேள்விக்கு நேரமில்லை. என் தோழி ஆறு மாதம் செய்த வேலையை மூன்றாவது ஸ்லைடில் நிறுத்தச் சொன்னார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் இறங்கி வந்ததும் கேட்டது: "ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் இல்லையா?"

விருந்தினரை மதிப்பது நம் பழக்கம், அதில் எனக்குக் குறையில்லை. பொன்னாடை போட இரண்டு நிமிடம்தான் ஆகும். கேள்வி நேரத்தை வெட்டுவதில்தான் எனக்குச் சம்மதம் கிடையாது. வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

2024 பிப்ரவரி 4, காலை 9.30

நேற்றுச் சொன்னது ஒரு பக்கமாக இருக்கிறது என்று இரண்டு பேராசிரியர்கள் தனியே எழுதியிருக்கிறார்கள். கல்லூரியின் மதிப்பீட்டுக்கு இத்தனை மாநாடு நடத்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயம், அனுமதிக்கே எத்தனையோ கையெழுத்து, பணம் கொடுப்பவர் மேடையில் இடம் கேட்பது, இதெல்லாம் தங்கள் கையில் இல்லை என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே சின்னதாக, யாருடைய மதிப்பீட்டுக்கும் போகாத ஒரு கூட்டம் தனியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

2024 பிப்ரவரி 11, மதியம் 1.00

தம்பி, உன் திட்டத்தைப் படித்தேன். மதுரை, கோவை, சிதம்பரம், ஊட்டி. நான்கு ஊர், நான்கு வருடச் சுற்று. அருமை. எல்லாமே ஓர் இரவுப் பேருந்தில் போய்விடும் தூரம். பெயர் வைப்பதில் ஒரு மணி நேரம் சண்டை போட்டீர்கள் என்று எழுதியிருக்கிறாய். பெயரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

செலவுப் பட்டியலில் பேனருக்கு எழுதிய தொகையை அடித்துவிடு. அதைப் போஸ்டர் அச்சடிக்க முடியாதவர்களுக்குக் கொடு. எல்லோராலும் பெரிய தாளில் அச்சடிக்க முடியாது. ஏ4 தாள் பன்னிரண்டை ஒட்டினாலும் போஸ்டர்தான், அதை வெளிப்படையாக அறிவிப்பிலேயே எழுது. இல்லாவிட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு வராமல் இருந்துவிடுவார்கள்.

சான்றிதழ் கொடுங்கள், பிள்ளைகளுக்கு அது தேவைப்படுகிறது. பரிசு வேண்டுமா என்று கேட்டாய். பேச்சுக்குக் கொடு. முடிந்தால் நல்ல கேள்விக்கு ஒன்று கொடு.

2024 பிப்ரவரி 11, மதியம் 1.20

தமிழில் பேசலாமா என்ற கேள்விக்கு: பேசலாம் என்பதே என் எண்ணம். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், கேள்வி நேரத்திலாவது தமிழை அனுமதியுங்கள். எனக்கு ஆங்கிலத்தில் பேச்சை மனப்பாடம் செய்ய முடிந்தது, பதிலை மனப்பாடம் செய்ய முடியவில்லை. வினையின் இயங்குமுறை தெரிந்தும் வாய் வராமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

2024 மார்ச் 2, இரவு 9.00

செஷன் நடத்தப் போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எழுந்து நில், அட்டையைக் காட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்யும். எல்லாப் பேச்சுக்கும் நீயே ஒரு கேள்வி எழுதி வைத்துக்கொள், யாரும் கேட்கவில்லை என்றால் கேட்பதற்கு. பெரியவர் ஒருவர் கேள்விக்குப் பதிலாக உரையாற்றத் தொடங்கினால், "சார், தேநீர் நேரத்தில் தொடரலாமே" என்று பணிவாகச் சொல். பயப்படாதே, பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள்.

பதில் தெரியாத மாணவருக்கு "தெரியவில்லை, செய்து பார்க்கிறேன்" என்று சொல்ல உரிமை உண்டு என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடு.

2024 மார்ச் 10, காலை 10.15

உன் கைடு சம்மதித்துவிட்டார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. "சனிக்கிழமை ஒரு நாள்தான், ஹெச்பிஎல்சி சும்மா இருக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டாராமே. நியாயமான நிபந்தனை. கலவையைப் பிரித்து அளக்கும் கருவிதானே, வெள்ளிக்கிழமை ராத்திரியே மாதிரிகளை வரிசையில் போட்டுவிட்டுக் கிளம்பு.

இருபத்தாறு அப்ஸ்ட்ராக்ட் வந்திருக்கிறது என்கிறாய். அதில் பதினொன்று டாக்கிங் (மூலக்கூறு புரதத்தில் பொருந்துமா என்று கணினியில் பார்ப்பது) மட்டும் செய்தவை, சேர்மமே செய்யாதவை, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். சேர்த்துக்கொள். அவர்களுக்கு உதவப் போவதே "இதைச் செய்து பார்த்தீர்களா?" என்ற கேள்விதான். அவர்களை லேபில் சேர்மம் செய்தவர்களுக்கு நடுநடுவே போடு, தனியாக ஒரு மூலையில் வைக்காதே.

2024 மார்ச் 17, காலை 8.05

அவசரமாக ஒன்று. நீங்கள் வைத்திருக்கும் ஏப்ரல் 13 சனிக்கிழமை சரிவராது. மறுநாள் சித்திரை ஒன்று, வெள்ளிக்கிழமை ராத்திரி எந்த ஊருக்கும் பேருந்தில் இடம் கிடைக்காது. அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளலாம் என்றால், நேற்றுத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள், தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. உங்கள் வகுப்பறைகள் வாக்குச்சாவடி ஆகுமா, பெஞ்சுகளை எப்போது திருப்பி அடுக்குவார்கள் என்று ஆபீசில் இன்றைக்கே கேட்டுவிடு. ஏப்ரல் 27 காலியாக இருந்தால் அதைப் பிடித்துவிடுங்கள். நானும் அன்றைக்கு வர முடியும், ஹைதராபாத்திலிருந்து டிரைட்டன் பாட்டில் ஒன்றும் கொண்டுவருகிறேன், உங்கள் லேபில் தீர்ந்துவிட்டது என்று சொன்னாயே.